கஞ்சாச் செடியும் பொதுஜன அபிப்பிராயமும்

1992ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், கலிபோர்னியாவின் வடபகுதியிலுள்ள கசடேரோ என்னும் சிற்றூரில், ஒரு வீட்டுச் சமையலறையில் நின்று பிரௌனி எனப்படும் சாக்லேட் கேக்குக்கு மாவு கலந்துகொண்டிருந்த 69 வயது மூதாட்டி ஒருவரைப் போலீஸார் கைது செய்தார்கள். மாவில் அவர் சேர்த்துக்கொண்டிருந்தது கஞ்சா. மேரி ஜேன் ராத்பன் என்பது அவர் பெயர். சான்பிரான்சிஸ்கோ நகரம் அவரைப் ‘பிரௌனி மேரி’ என்றே அறிந்திருந்தது. உணவகத்தில் பரிமாறி ஜீவனம் நடத்தியவர். ஒரே மகளைக் கார் விபத்தில் பறிகொடுத்தவர். அந்நகரத்துப் பொது மருத்துவமனையில் எய்ட்ஸ் நோயாளிகளுக்குத் தொண்டு செய்து, வாந்தியாலும் பசியின்மையாலும் எலும்பும் தோலுமாகக் கிடந்த இளைஞர்களைத் தம் பிள்ளைகள் என்று பாவித்து, அவர்களுக்குக் காசு வாங்காமல் அந்தக் கேக்கைக் கொடுத்துவந்தவர். சட்டத்தின் கண்ணில் அவர் செய்தது கடுங்குற்றம். ஆயினும் அடுத்த மாதமே, ஆகஸ்டு 25ஆம் தேதியை ‘பிரௌனி மேரி தினம்’ என்று நகரசபை பிரகடனம் செய்தது. அவர்மேல் தொடுத்த வழக்கும் தண்டனையில் முடியவில்லை.

அந்த ஒரு மாத காலத்தில் செடியின் குணம் மாறிவிடவில்லை. சட்டப் புத்தகத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. கஞ்சா என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் மக்களுடைய மனக்கண்ணில் எழும் முகம் மாறத் தொடங்கியிருந்தது. அமெரிக்காவில் கஞ்சாவைச் சட்டம் தடுத்த வரலாற்றையும், பின்னர் மாநிலம் மாநிலமாக அனுமதித்த வரலாற்றையும் ஒருசேரப் படிக்கிறவனுக்கு, இரண்டு காலங்களிலும் விஞ்ஞானத்தைக் காட்டிலும் வலிமையாக வேலை செய்தது அந்த முகமே என்பது புலப்படும். அவ்வாறு நேர்ந்ததில் நன்மையும் உண்டு, பெரிய குறையும் உண்டு என்பது என் துணிபு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்கனுக்கு இச்செடி மருந்துக் கடையில் சீசாவில் கிடைத்த ஒரு சாரம். கல்கத்தாவில் பணியாற்றிய வில்லியம் புரூக் ஓஷாநஸ்ஸி என்னும் ஐரிஷ் வைத்தியர், இந்நாட்டு வழக்கத்தைக் கண்டும் தாமே பரீட்சித்தும் 1839இல் எழுதியதன் பயனாக, மேற்கத்திய வைத்தியம் அதை ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவின் அதிகாரபூர்வமான மருந்து நூலில் 1850 முதல் 1942 வரை அதற்கு இடம் இருந்தது. அந்த நூலில் அதன் பெயர் கன்னாபிஸ். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெக்ஸிகோவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கூலியாட்களோடு அதே செடி புகையாக வந்தபோது, மரிஹுவானா என்ற வேறொரு பெயரோடு வந்தது. ஒரு வஸ்துவுக்கு இரண்டு பெயர்கள் வழங்கின. ஒரு பெயருக்கு வைத்தியனின் முகமும், மற்றதற்கு அந்நியனின் முகமும் அமைந்துவிட்டன.

இரண்டாவது முகத்தை நாடெங்கும் எழுதிக் காட்டியவர்களில் முதன்மையானவர் ஹாரி ஆன்ஸ்லிங்கர். 1930இல் தொடங்கப்பட்ட மத்திய போதைப்பொருள் தடுப்பு இலாகாவின் முதல் தலைவரான இவர், 1962 வரை அப்பதவியில் இருந்தார். 1937 ஜூலையில் ஒரு பிரபல மாத சஞ்சிகையில், மரிஹுவானாவை இளைஞர் சமுதாயத்தின் கொலையாளியாகச் சித்திரித்து ஒரு கட்டுரை வெளியிட்டார். புளோரிடாவின் டாம்பா நகரில் 1933இல் ஓர் இளைஞன் தன் குடும்பத்தாரைக் கோடரியால் வெட்டிக் கொன்ற கோர சம்பவத்தை அதில் எடுத்துக்காட்டி, கஞ்சாவே அவனை அச்செயலுக்குத் தூண்டியது என்றார். அவனைப் பரிசோதித்த வைத்தியர்கள் தீவிரமான சித்தப் பிரமை என்று கண்டிருந்தார்கள். அந்தச் செய்தி கட்டுரைக்கு வேண்டியிருக்கவில்லை. அதே ஆண்டு அமெரிக்கக் காங்கிரஸில் கஞ்சா வரி மசோதா விசாரணைக்கு வந்தபோது, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சார்பில் சாட்சி சொன்ன டாக்டர் வில்லியம் வுட்வர்டு, குற்றச்சாட்டுகளுக்கு நேரடி ஆதாரம் எங்கே என்று கேட்டதோடு, மரிஹுவானா என்று பேசப்படுவது தங்களுக்குப் பழக்கமான கன்னாபிஸ்தான் என்பதையே மருத்துவ உலகம் அண்மை வரையில் உணரவில்லை என்பதையும் எடுத்துரைத்தார். அவர் பேச்சு எடுபடவில்லை. ஆகஸ்டு 2ஆம் தேதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையொப்பமிட, அக்டோபர் முதல் தேதி சட்டம் அமலுக்கு வந்தது.

இனி, தீர விசாரித்து எழுதப்பட்ட அறிக்கைகளின் கதியையும் பார்ப்போம். முதலாவது நம் நாட்டில் எழுந்தது. பிரிட்டிஷ் சர்க்கார் 1893இல் நியமித்த இந்தியக் கஞ்சா விசாரணைக் கமிஷன், 1193 சாட்சிகளை விசாரித்து, கஞ்சா, சரஸ், பாங்கு ஆகிய மூன்றையும் வேறு வேறாகப் பிரித்து ஆராய்ந்து, மிதமான உபயோகத்தால் பெருந்தீங்கு இல்லையென்றும், அளவு மீறிய உபயோகம் கெடுதலே என்றும், முழுத் தடை வேண்டாம், வரியும் கட்டுப்பாடும் போதும் என்றும் முடிவு கூறியது. இரண்டாவது, நியூயார்க் மேயர் லகார்டியா அமைத்த குழுவின் 1944ஆம் ஆண்டு அறிக்கை. கஞ்சா குற்றவெறியை மூட்டுகிறது என்ற கதையை அது மறுத்தது. மூன்றாவது, பென்ஸில்வேனியாவின் முன்னாள் கவர்னர் ரேமண்ட் ஷேஃபர் தலைமையிலான கமிஷனிடமிருந்து 1972இல் வெளிவந்தது. சொந்த உபயோகத்துக்காகச் சிறிதளவு வைத்திருப்பதைக் குற்றமாகக் கருத வேண்டாம் என்று அது சிபார்சு செய்தது. அக்குழுவில் பெரும்பாலோரை நியமித்தவரான ஜனாதிபதி நிக்ஸனே அதை நிராகரித்தார்.

அவர் நிராகரித்ததற்குக் காரணம் தேட வெகுதூரம் போகவேண்டியதில்லை. வியட்நாம் யுத்தத்தை எதிர்த்துத் தெருவில் இறங்கிய நீண்ட முடி வாலிபனின் கையில் அக்காலத்தில் கஞ்சாச் சுருட்டு இருந்தது. கமிஷனின் சிபார்சை ஏற்பது அந்த வாலிபனுக்கு இணங்குவதாகவே பட்டது. 1969இல் மக்கள் கருத்தைக் கணிக்கும் காலப் ஸ்தாபனம் கேட்டபோது, சட்டபூர்வமாக்கலாம் என்றவர்கள் நூற்றுக்கு 12 பேர்தாம்.

இங்கே இன்னொரு விளைவையும் சொல்லியாக வேண்டும். 1936இல், ‘உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்’ என்று பொருள்படும் பெயரில், கஞ்சா புகைத்த மாணவர்கள் பைத்தியம் பிடித்துக் கொலையில் முடிவதாகக் காட்டும் ஒரு திரைப்படம் எடுக்கப்பட்டது. 1970களில் சீர்திருத்தக்காரர்கள் அதைத் தேடியெடுத்துக் கல்லூரிகளில் திரையிட்டார்கள்; பெற்றோரைப் பயமுறுத்திய படத்தைப் பார்த்துப் பிள்ளைகள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். தாங்கள் கண்ணால் காணும் நண்பன் கோடரி எடுக்கவில்லை என்று அறிந்த தலைமுறை, அரசாங்கம் சொன்ன எல்லாவற்றையுமே பொய் என்று தள்ளிவிட்டது. பதினைந்து வயதுப் பையனின் மூளைக்கு அது ஆகாது என்ற நியாயமான எச்சரிக்கையும் அந்தச் சிரிப்பில் அடித்துக்கொண்டு போயிற்று. மிகைப்படுத்திய பிரசாரம் இளைஞர்களுக்குச் செய்த துரோகங்களில் இதையே நான் பெரிதாகக் கருதுகிறேன்.

முகம் மாறியது நோயாளியால். ராபர்ட் ராண்டல் என்னும் வாலிபருக்குக் கண்ணழுத்த நோய். பார்வை அணையும் தறுவாயில், கஞ்சா புகைத்தால் விளக்கைச் சுற்றித் தோன்றும் ஒளிவட்டங்கள் மறைவதைக் கண்டு, வாஷிங்டன் நகரத்து வீட்டில் சில செடிகளை வளர்த்தார். 1975இல் கைதானார். குருடாவதிலிருந்து தப்ப வேறு வழியில்லை என்ற அவருடைய வாதத்தை 1976இல் நீதிமன்றம் ஏற்றது. அதன்பின் மிஸிஸிப்பி பல்கலைக்கழகத்துச் சர்க்கார் பண்ணையில் விளைந்த கஞ்சாவை மத்திய அரசாங்கமே அவருக்குச் சுருட்டாக அனுப்பிவைத்தது. ஒரு கையால் தண்டித்து மறு கையால் வழங்கும் இந்த விபரீதம் மிகச் சிலருக்கே கிட்டியது. எய்ட்ஸ் நோயாளிகளின் விண்ணப்பங்கள் குவியத் தொடங்கியதும், 1992இல் புதியவர்களுக்கு அந்தக் கதவு சாத்தப்பட்டது.

சான்பிரான்சிஸ்கோவில் அந்த ஆண்டுகளில் நிகழ்ந்ததை நிதானமாகச் சொல்லவேண்டும். இந்த இயக்கத்தின் ஜீவநாடி அங்கேதான் இருக்கிறது. எய்ட்ஸுக்கு அப்போது தக்க மருந்தில்லை. இருந்த மருந்தும் குமட்டலை உண்டாக்கியது. நோயாளியின் உடல் வாரத்துக்கு வாரம் உருகியது. கஞ்சாவின் வீரியப் பொருளை மாத்திரையாக்கி விற்க அரசாங்கம் அனுமதித்திருந்தது. ஆனால் விழுங்கியதை வாந்தியெடுப்பவனுக்கு மாத்திரையால் என்ன பயன்? புகைத்தவர்களுக்கு, பிரௌனி மேரியின் கேக்கைத் தின்றவர்களுக்கு, ஒரு வேளைச் சோறு உள்ளே தங்கிற்று. மருத்துவமனையின் டாக்டர் டொனால்டு ஏப்ரம்ஸ் இதை முறையாக ஆராய அனுமதி கேட்டு ஆண்டுக்கணக்கில் அலைந்தார். 1997இல்தான் அவருடைய ஆராய்ச்சிக்குப் பணமும் அனுமதியும் கிடைத்தன.

வியட்நாமில் விமானப்படையில் பணியாற்றித் திரும்பிய டென்னிஸ் பெரான், பல காலமாகக் கஞ்சா விற்றவர். அவரும் அதை மறைத்ததில்லை. அவருடைய வாழ்க்கைத் துணைவர் ஜோனதன் வெஸ்ட் 1990இல் எய்ட்ஸால் இறந்தார். அந்தத் துயரத்திலிருந்து பெரான் 1991இல் நகர மக்களின் வாக்குக்கு ஒரு பிரேரணையைக் கொண்டுவந்தார். மருத்துவத்துக்குக் கஞ்சாவை அனுமதிக்க மாநில அரசைக் கோரும் அதற்கு, நூற்றுக்கு ஏறத்தாழ எண்பது பேர் ஆதரவளித்தனர். பின்னர் அவர் நிறுவிய கஞ்சா வாங்குவோர் சங்கம், மரணத்தை எதிர்நோக்கியவர்கள் தனியறையை விட்டு வந்து ஒருவரோடொருவர் பேசி அமர்ந்திருக்கும் கூடமாகவும் விளங்கிற்று. அண்டை வீட்டுப் பையன், உடன் வேலை செய்தவன், சொந்தத் தம்பி ஆகியோரின் முகங்களை அந்நகரம் அங்கே கண்டது. இவர்கள் யாரும் விளம்பரத்துக்காகத் தேடிப் பிடிக்கப்பட்டவர்கள் அல்லர். தங்கள் வாழ்வையும் சாவையும் மறைக்காமல் இருந்தவர்கள். பொதுஜன அபிப்பிராயத்தை மாற்றும் வழிகளில் இதைவிட யோக்கியமானது இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

மாநிலம் முழுவதற்குமான 215ஆம் பிரேரணை 1996இல் எழுந்தபோது நிலைமை சிக்கலாயிற்று. சட்டம் எழுதியதில் முன்னின்றவர் பெரான். ஆனால் லட்சக்கணக்கான கையொப்பங்கள் திரட்டப் பணம் தேவைப்பட்டது. ஜார்ஜ் சோரோஸ், பீட்டர் லூயிஸ் முதலிய தனவந்தர்கள் பணம் கொடுத்தார்கள். பிரசாரத்தை நடத்தும் பொறுப்பு தேர்தல் தொழில் தெரிந்த பில் ஸிம்மர்மனிடம் வந்தது. பெரானின் முகம் முன்னால் தெரியக்கூடாது என்பது அவர்களுடைய முடிவு. தொலைக்காட்சி விளம்பரத்தில், கணவனைப் புற்றுநோய்க்குப் பலிகொடுத்த முதிய செவிலி ஒருவர், அவருடைய வேதனையைத் தணிக்கத் தாம் சட்டத்தை மீறியதை எடுத்துச் சொன்னார். ஆகஸ்டில் மாநில அட்டர்னி ஜெனரல் டான் லங்கிரனின் ஆட்கள் பெரானின் சங்கத்தில் புகுந்து சோதனையிட்டு மூடினார்கள். எதிர்ப்பிரசாரமோ பெரானையே பிடித்துக்கொண்டது. நவம்பர் 5ஆம் தேதி நூற்றுக்கு 55க்கும் மேற்பட்டோர் ஆதரித்து வாக்களிக்க, மருத்துவக் கஞ்சாவை அனுமதித்த முதல் மாநிலமாயிற்று கலிபோர்னியா.

தந்திரம் பலித்தது. ஆயினும் அந்தச் செவிலியின் கதை உண்மை. பெரானின் கதையும் உண்மை. கஞ்சா உபயோகம் எதுவாயினும் அது ஒருவகை மருத்துவமே என்று பெரான் வெளிப்படையாகச் சொல்லிவந்தது வாக்காளரை மிரட்டும் என்று அஞ்சி அவரை ஒதுக்கினார்கள். ஒதுக்கியதோடு, வலியும் இன்றி நோயும் இன்றி மாலை நேரத்தில் புகைக்கும் சாதாரண மனிதனைப் பற்றிய பேச்சும் ஒதுங்கிவிட்டது. அவனைச் சிறையில் அடைப்பது நியாயமா என்பதே மூலக் கேள்வி. அதைக் கேளாமல், யாரும் மறுக்கமுடியாத நோயாளியை முன்னே நிறுத்தி வாசலைத் திறந்துகொண்டார்கள். பின்னாளில் மருத்துவச் சீட்டு வாங்குவது எளிதாகி, நோயில்லாதவர்களும் அதை வாங்கத் தொடங்கியபோது, நோயாளி என்பது வெறும் வேஷம் என்று எதிராளிகள் ஏசியதற்கு இடம் கொடுத்தது இந்த மௌனமே.

2012இல் கொலராடோவும் வாஷிங்டன் மாநிலமும் கேளிக்கை உபயோகத்துக்கே அனுமதி கேட்டன. இம்முறை பிரசாரத்தின் முகம் புகைப்பவனும் அல்ல, நோயாளியும் அல்ல, வாக்காளரே. வாஷிங்டன் மாநிலத்து விளம்பரம் ஒன்றில் தோன்றிய நடுத்தர வயதுத் தாய், தமக்குக் கஞ்சா பிடிக்காது என்று சொல்லிவிட்டு, தடையால் வந்த லாபம் யாருக்கு, வரி வந்தால் பள்ளிக்கும் சுகாதாரத்துக்கும் எவ்வளவு என்று பேசினார். மத்திய அரசின் முன்னாள் வழக்கறிஞர் ஜான் மெக்கே போன்றவர்கள் துணை நின்றார்கள். செடியைப் புகழாமல் சட்டத்தைக் குறைகூறிய இந்த முறை எனக்கு நாணயமாகவே தோன்றுகிறது. பிடிக்காததையெல்லாம் சிறையால் ஒழிக்கவேண்டியதில்லை என்பது பக்குவப்பட்ட ஒரு பிரஜையின் வாதம். கொலராடோவில் நூற்றுக்கு 55 பேர் ஆதரித்தனர். 2014 ஜனவரி முதல் தேதி டென்வரில் விற்பனை தொடங்கியபோது, பத்திரிகையாளர் முன்னிலையில் முதலில் வாங்கியவர் ஈராக் யுத்தத்தில் பணியாற்றி மனம் நைந்து திரும்பிய ஒரு படைவீரர். அவருடைய துன்பம் மெய். வரிசையில் முதலிடம் தற்செயலாகக் கிடைத்ததல்ல.

அதற்கு முந்திய ஆண்டு வேறொரு முகம் தேசத்தையே உருக்கியது. கொலராடோவில் சார்லட் ஃபிகி என்னும் சிறுமி, டிராவே என்ற கொடிய வலிப்பு நோயால் வாரத்துக்கு நூற்றுக்கணக்கான முறை துடித்துக்கொண்டிருந்தாள். போதை தரும் டிஎச்சி மிகக் குறைவாகவும் சிபிடி என்ற இன்னொரு பொருள் மிகுதியாகவும் உள்ள கஞ்சா எண்ணெயைப் பெற்றோர் கொடுத்ததும் வலிப்பு பெரிதும் அடங்கிற்று. மருத்துவச் செய்தியாளர் டாக்டர் சஞ்சய் குப்தா 2013 ஆகஸ்டில் தொலைக்காட்சியில் அவளைக் காட்டியதோடு, 2009இல் கஞ்சாவுக்கு எதிராகத் தாம் எழுதியது போதிய ஆராய்ச்சியின்றி எழுதியதென்று பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். இங்கே முகத்தின் பின்னே விஞ்ஞானமும் வந்து சேர்ந்தது: சுத்திகரித்த சிபிடி மருந்தை, முறையான பரீட்சைகளுக்குப் பின், அமெரிக்க மருந்துத் துறை 2018 ஜூனில் இந்நோய்க்கு அங்கீகரித்தது. ஆனால் சிறுமிக்கு உதவியது போதையற்ற பொருள். அவளுடைய படத்தால் கனிந்த மனங்கள் போதையுள்ள பொருளுக்கும் சேர்த்தே வாசலைத் திறந்தன. 2013இல் காலப் கணக்கில் ஆதரவு நூற்றுக்கு 58 ஆயிற்று, 2023இல் 70.

நல்ல முகம் மறைப்பதும் உண்டு. அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகங்கள் 2017இல் வெளியிட்ட விரிவான பரிசீலனை, நாட்பட்ட வலிக்கும் புற்றுநோய்ச் சிகிச்சையின் குமட்டலுக்கும் கஞ்சாப் பொருள்கள் பயன்படுவதற்குத் தக்க சான்று உண்டு என்றது. அதே நூல், மனநோய்க்கும் வாகன விபத்துக்கும் பிறக்கும் குழந்தையின் எடைக் குறைவுக்கும் கஞ்சாவோடு உள்ள தொடர்பையும் சொன்னது. போலீஸார் கைப்பற்றிய கஞ்சாவில் டிஎச்சியின் அளவு 1995இல் சுமார் நூற்றுக்கு 4ஆக இருந்தது, 2014இல் 12ஆக உயர்ந்தது. ஆக, 1972இல் ஷேஃபர் ஆராய்ந்த செடியும் இன்று கடையில் விற்கும் சரக்கும் ஒன்றல்ல. ஆன்ஸ்லிங்கர் தமக்கு ஒவ்வாத உண்மையை விட்டதைக் கண்டிக்கிற நாம், பளபளக்கும் டப்பாவில் மிட்டாயாகக் கஞ்சாவை விற்கும் வியாபாரி விடுகிற உண்மையையும் அதே தராசில் நிறுத்தாமல் இருக்கலாகாது. விளம்பரத்தையும் கவர்ச்சியான உறைகளையும் கட்டுப்படுத்தி, எச்சரிக்கை வாசகத்தோடு 2018 அக்டோபரில் விற்பனையை அனுமதித்த கனடாவின் சட்டம் இவ்வகையில் மேல்.

உருகுவே வேறொரு பாதையில் போயிற்று. அந்நாட்டு மக்களில் பெரும்பாலோர் எதிர்த்திருக்கையிலேயே, ஜனாதிபதி ஹோசே முஹிகாவின் அரசு, கள்ளச்சந்தைக்காரனின் வியாபாரத்தைப் பறிப்பதே நோக்கம் என்று சொல்லி 2013 டிசம்பரில் சட்டம் இயற்றியது. விளம்பரத்துக்குத் தடை விதித்து, 2017 முதல் மருந்துக் கடைகளில் பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் விற்றது. செடிக்கு அழகிய முகம் தேடவேண்டிய அவசியம் அவர்களுக்கு நேரவில்லை. நம் நாட்டிலோ, 1985ஆம் ஆண்டுச் சட்டம் பூவும் காயுமான நுனியைத் தடுத்து, தனி இலையை அதில் சேர்க்காமல் விட்டது. அதனால் வடக்கே பாங்கு விற்கும் கடைகள் உண்டு. 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் கமிஷன், கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து 27க்கு 25 என்ற வாக்கில் நீக்கியபோது, ஆதரித்த 27இல் இந்தியாவும் ஒன்று. அந்தச் செய்தி நம்மில் விவாதமாக வளரவில்லை. நம் பத்திரிகைகளில் கஞ்சாவுக்கு இன்றும் ஒரே படந்தான்: மேசைமேல் அடுக்கிய பொட்டலங்கள், பின்னால் தலைகவிழ்ந்து நிற்கும் ஏழை வாலிபர்கள்.

அத்தகைய வாலிபனுக்கு அமெரிக்கப் பிரசாரமும் நெடுங்காலம் இடம் கொடுக்கவில்லை. அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கம் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2001 முதல் 2010 வரை அந்நாட்டில் நிகழ்ந்த கஞ்சாக் கைதுகள் 82 லட்சம். அவற்றில் நூற்றுக்கு 88 வெறும் வைத்திருந்ததற்காக. உபயோகம் இரு சாராரிடமும் ஏறக்குறைய ஒன்றாயிருந்தும், வெள்ளையரைவிடக் கறுப்பர் கைதாகும் வாய்ப்பு 3.73 மடங்கு. செவிலி, தாய், படைவீரர், சிறுமி ஆகியோரின் முகங்களைக் கண்டு மனம் இரங்கிய வாக்காளர்கள், குற்றப்பதிவு ஒட்டிக்கொண்டதால் வேலையும் வீடும் கிடைக்காமல் நின்றவனுடைய முகத்தை அரிதாகவே கண்டார்கள். வாசல் திறந்தபின், அவன் எந்தச் சரக்குக்காகச் சிறை சென்றானோ அதையே உரிமம் பெற்ற முதலாளி கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்றார். சட்டத்தை மாற்ற விரும்புகிறவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும், முதல் சித்திரமாக அவனையே வரையவேண்டும் என்று வேண்டுகிறேன். இரக்கத்துக்கு எளிதில் உரியவன் அல்லன் என்பதாலேயே நியாயத்துக்கு அவன் அதிகம் உரியவன்.

இல்லினாய்ஸ் மாநிலம் 2019இல் இயற்றிய சட்டத்தில் பழைய பதிவுகளை அழிப்பதற்கும் இடம் செய்யப்பட்டிருந்தது. கடைகள் திறப்பதற்கு முந்திய நாள், டிசம்பர் 31ஆம் தேதி, கவர்னர் பிரிட்ஸ்கர் 11,017 பேருக்குப் பொதுமன்னிப்பு வழங்கிக் கையொப்பமிட்டார்.